கடனா, பங்கா, சொந்தப் பணமா? நடைமுறை மூலதனமும் நிறுவன ஆளுகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களின் உரிமையாளர்களும், கணக்குப் பிரிவில் பொறுப்பு வகிப்பவர்களும், வணிகவியல் படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம் நடைமுறை மூலதனம்; நிறுவனத்தின் முடிவுகளையும் கணக்குகளையும் கண்காணிக்கும் ஏற்பாடு நிறுவன ஆளுகை. சட்டப் பெயர் சொல்லாமல் பிரிவு எண் மட்டும் வரும் இடங்களில் அது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தைக் குறிக்கும்.

ஒரு நிறுவனத்துக்குக் கடன் தேவை என்று தீர்மானிப்பது யார்?

சட்டத்தின்படி இயக்குநர் குழுதான். கடன் வாங்கும் அதிகாரத்தைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றியே பயன்படுத்த வேண்டும் என்று 179(3) பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தத் தீர்மானம் கூட்டத்துக்கு வருவதற்கு வெகு முன்பே, எவ்வளவு சரக்கு வாங்கிக் குவிப்பது, யாருக்கு எத்தனை நாள் கடனில் விற்பது, வர வேண்டிய பாக்கியை யார் கேட்டு வாங்குவது என்ற அன்றாட முடிவுகள் கடன் தேவையைப் பெரும்பாலும் நிர்ணயித்துவிடுகின்றன.

ஆண்டுக்கு 73 கோடி ரூபாய் விற்பனை உள்ள ஒரு பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு நாள் விற்பனை 20 லட்சம். நூலும் துணியும் முடிந்த ஆடையுமாகச் சரக்கு 75 நாள் நிற்கிறது. விற்ற பணம் வந்து சேர 90 நாள் ஆகிறது. சரக்குக் கொடுத்தவர்கள் 40 நாள் பொறுக்கிறார்கள். ஆக, 125 நாளுக்கான பணத்தை நிறுவனமே எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் விற்பனை மதிப்பிலேயே வைத்துத் தோராயமாகப் பார்த்தால் இது 25 கோடி. இந்தச் சுழற்சியில் பத்து நாள் குறைந்தால் 2 கோடி விடுபடும். 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 20 லட்சம் மிச்சம். வட்டியில் கால் சதவீதம் குறைக்கச் சொல்லி வங்கி மேலாளரிடம் மாதக்கணக்கில் பேரம் பேசும் நிறுவனங்கள், இந்தப் பத்து நாளைப் பற்றி ஒரு கூட்டத்தில்கூடப் பேசுவதில்லை என்பது வியப்பான உண்மை.

வங்கி 15 கோடி லிமிட் கொடுத்திருக்கிறது. ஆனால் 12 கோடிக்கு மேல் எடுக்க முடியவில்லை. ஏன்?

லிமிட் என்பது உச்சவரம்பு மட்டுமே. சரக்கு எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று மாதந்தோறும் நிறுவனம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்து வங்கி கணக்கிடும் டிராயிங் பவர்தான் கையில் கிடைக்கும் தொகை. சரக்கிருப்பு 10 கோடி, அதில் பணம் கொடுக்காமல் வாங்கியது 3 கோடி என்றால், வங்கி 7 கோடியை மட்டுமே எடுத்துக்கொண்டு 25 சதவீதத்தை மார்ஜினாக, அதாவது நிறுவனமே போட வேண்டிய பங்காகக் கழிக்கும், 5.25 கோடி கிடைக்கும். வர வேண்டிய பாக்கி 12 கோடி, அதில் 90 நாளைத் தாண்டியது 3 கோடி என்றால், அந்த மூன்று கோடியை வங்கி கணக்கிலேயே சேர்க்காது. மீதி 9 கோடியில் மார்ஜின் போக 6.75 கோடி. இரண்டும் சேர்ந்து 12 கோடி. மார்ஜின் விகிதமும் நாள் வரம்பும் வங்கிக்கு வங்கி, கணக்குக்குக் கணக்கு மாறும். கணக்கிடும் முறை இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடிக்கும் மாதத்தில்தான் நிறுவனத்துக்குப் பணம் அதிகம் தேவைப்படும். அதே மாதத்தில்தான் டிராயிங் பவர் சுருங்கும். பழைய பாக்கியைப் புதிய தேதியிட்ட பில்லாக மாற்றிக் காட்டும் ஆசை பிறப்பது இந்த இடத்தில்தான். அந்த ஆசைக்கு நிறுவனத்துக்குள்ளேயே அணை போட யாராவது இருக்கிறார்களா என்பது ஆளுகை சார்ந்த கேள்வி.

நடைமுறை மூலதனத் தேவையை வங்கிகள் எந்த முறையில் மதிப்பிடுகின்றன?

ரிசர்வ் வங்கி 1974-இல் அமைத்த டாண்டன் குழு இதற்கு அடித்தளம் இட்டது. அக்குழு சொன்ன இரண்டாவது முறையில், சரக்கு, பாக்கி, ரொக்கம் போன்ற மொத்த நடப்புச் சொத்துகளில் கால் பங்கை நிறுவனம் தன் நீண்ட கால நிதியிலிருந்து போட வேண்டும். நடப்பு விகிதம் (நடப்புச் சொத்துகளை நடப்புப் பொறுப்புகளால் வகுத்தால் வருவது) 1.33 என்று வங்கியாளர்கள் இன்றும் சொல்வது இதிலிருந்து வந்ததே. 1997-இல் ரிசர்வ் வங்கி இம்முறையைக் கட்டாயப்படுத்துவதை விட்டுவிட்டாலும் பழக்கம் போகவில்லை. சிறு நிறுவனங்களுக்கு நாயக் குழுவின் எளிய முறை உண்டு: எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று கொண்டு, 20 சதவீதத்தை வங்கியும் 5 சதவீதத்தை உரிமையாளரும் போடுவார்கள்.

பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை 2018 டிசம்பரில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு முக்கியமானது. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நடைமுறை மூலதன லிமிட் வைத்திருப்பவர்கள், 2019 ஏப்ரல் முதல் அதில் 40 சதவீதத்தையும் ஜூலை முதல் 60 சதவீதத்தையும் குறித்த நாளில் திருப்பிக் கட்டும் கடனாகவே எடுக்க வேண்டும் என்றானது. கேஷ் கிரெடிட்டில் வேண்டும்போது எடுத்து, வந்தபோது கட்டி, ஆண்டு முழுவதும் கணக்கைத் திட்டமில்லாமல் ஓட்டியவர்களுக்கு, எந்தத் தேதியில் எவ்வளவு பணம் வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கட்டாயம் அன்று ஏற்பட்டது.

சரக்கிருப்புக் கொள்கை கடன் முடிவை எந்த அளவுக்கு மாற்றும்?

நூற்பாலைகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பருத்தி வரத்து குளிர்கால மாதங்களில் உச்சத்தில் இருக்கும். ஆலை ஓடுவதோ ஆண்டு முழுவதும். எனவே கோவை, திண்டுக்கல் வட்டார ஆலைகள் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா பஞ்சைப் பருவத்தில் வாங்கி அடுக்குகின்றன. 356 கிலோ கொண்ட ஒரு கண்டியின் விலை 2021 தொடக்கத்தில் 45,000 ரூபாய் அளவில் இருந்தது. 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. மூன்று மாதப் பஞ்சு வைத்திருப்பது வழக்கம் என்று இருந்த ஆலைக்கு, அதே கண்டிகளை வைத்திருக்க இரண்டு மடங்கு பணம் தேவைப்பட்டது. லிமிட்டோ பழைய விலையில் போடப்பட்டது.

அதன்பின் விலை இறங்கியபோது அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. வாங்கிய விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததைத்தான் சரக்கின் மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்பதால், உச்ச விலையில் பஞ்சு வாங்கியவர்களின் சரக்கு மதிப்பும், அதையொட்டி டிராயிங் பவரும் குறைந்தன. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் ஆறு மாதப் பஞ்சை வாங்குவது, பார்வைக்குக் கொள்முதல் மேலாளரின் வேலையாகத் தெரியலாம். உண்மையில் அது கடன் வாங்கிச் செய்யும் ஊகம். இத்தனை நாளுக்கு மேல், இத்தனை கோடிக்கு மேல் இருப்பு வைப்பதானால் இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று எழுதி வைத்த ஆலைக்கும், முதலாளியின் கணிப்பை மட்டும் நம்பிய ஆலைக்கும் உள்ள வேறுபாடு அத்தகைய ஆண்டுகளில்தான் தெரியவரும்.

நிறுவன ஆளுகை என்றால் இயக்குநர் குழுவில் சிலரைச் சேர்ப்பது மட்டும்தானா?

இல்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் மூன்றில் ஒரு பங்கு இயக்குநர்களாவது சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும் என்கிறது 149-ஆம் பிரிவு. தணிக்கைக் குழு பற்றி 177-ஆம் பிரிவு பேசுகிறது. இவை வெளிக்கட்டமைப்பு. கடன் கொடுப்பவரின் பார்வையில் ஆளுகை என்பது, நிறுவனம் தரும் எண்ணை நம்பலாமா என்ற ஒரே கேள்விதான். வங்கி கிடங்குக்குள் தினமும் வந்து மூட்டை எண்ணுவதில்லை. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் என்ற ஒரு தாளை நம்பித்தான் கோடிகளைக் கொடுக்கிறது.

அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் வேலையைச் சட்டம் இப்போது தணிக்கையாளரிடம் தந்திருக்கிறது. நடப்புச் சொத்துகளின் பிணையில் 5 கோடிக்கு மேல் லிமிட் இருந்தால், வங்கிக்குக் கொடுத்த காலாண்டு அறிக்கைகள் கணக்குப் புத்தகங்களோடு ஒத்துப்போகின்றனவா என்று காரோ 2020 எனப்படும் தணிக்கையாளர் அறிக்கை உத்தரவின்படி அவர் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் வந்த திருத்தத்தின்படி, பாக்கிகள் எத்தனை மாதமாக நிலுவையில் உள்ளன என்ற வயதுவாரிப் பட்டியலும் வெளியிடப்பட வேண்டும். வங்கிக்கு ஒரு எண், புத்தகத்தில் ஒரு எண் என்று நெடுநாள் நடந்துவந்த வழக்கம் இதனால் வெளியே தெரியத் தொடங்கியது. என் பார்வையில், சுயேச்சை இயக்குநர்களின் எண்ணிக்கையைப் பற்றிய விதிகள் அனைத்தையும்விட, இந்த இரண்டு வெளியீடுகளும் கடன் சந்தைக்கு அதிகம் பயன்பட்டிருக்கின்றன.

உரிமையாளரின் இன்னொரு கம்பெனி தர வேண்டிய பாக்கி ஏன் பெரிதாகப் பேசப்படுகிறது?

வெளி வாடிக்கையாளர் 60 நாளில் பணம் தர வேண்டும், தராவிட்டால் சரக்கு நிறுத்தப்படும். குழும நிறுவனம் மட்டும் 240 நாள் ஆனாலும் கேட்பாரில்லை என்றால், அது விற்பனையின் பெயரில் கொடுக்கப்பட்ட வட்டியில்லாக் கடன். நேரடியாகக் கடனாகக் கொடுத்திருந்தால் 185, 186 பிரிவுகளின் கட்டுப்பாடுகள் வந்திருக்கும். பாக்கியாக நிற்கவிட்டால் அவை கண்ணில் படுவதில்லை. அந்த ஓட்டையை அடைக்க வங்கி 10 சதவீத வட்டிக்குப் பணம் தருகிறது. அதன் வட்டியை எல்லாப் பங்குதாரர்களும் சேர்ந்து சுமக்கிறார்கள்.

தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனைகளுக்குத் தணிக்கைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியின் பொருள் இங்கேதான் விளங்கும். ஆனால் பல குழுக்கள் விலை நியாயமானதா என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகின்றன. விலை சரியாக இருந்து, பணம் வரும் நாள் மட்டும் தவறாக இருந்தாலும் பணம் வெளியே போனதுதான். அனுபவமுள்ள வங்கியாளர்கள் குழுமப் பாக்கியை டிராயிங் பவரில் சேர்ப்பதில்லை.

கையில் ஏராளமான ரொக்கம் இருக்கும் நிறுவனத்தை நம்பலாம்தானே?

மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் விவகாரத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல முடியாது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் இருந்த எண்கள் இவை: 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி புத்தகத்தில் காட்டப்பட்ட ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய், அதில் 5,040 கோடி இல்லாத பணம். வராத வட்டி வந்ததாக 376 கோடி. வர வேண்டிய பாக்கி 2,651 கோடி என்றதில் 490 கோடி மிகை. புத்தகத்தில் ஏறாத பொறுப்பு 1,230 கோடி.

கட்டடமோ இயந்திரமோ அந்தப் பட்டியலில் இல்லை. ரொக்கம், வட்டி, பாக்கி, பொறுப்பு என்று பொய் முழுவதும் குறுகிய கால எண்களில் இருந்தது. 2008 டிசம்பரில் ராஜு குடும்பத்தோடு தொடர்புடைய மேடாஸ் நிறுவனங்களை ஏறத்தாழ 160 கோடி டாலருக்கு வாங்கும் திட்டத்தை இயக்குநர் குழு ஏற்றதும், முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் சில மணி நேரத்திலேயே அது கைவிடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். இல்லாத ரொக்கத்தை உண்மையான சொத்தாக மாற்றுவதற்கான கடைசி முயற்சி அது என்று பின்னர் அவரே எழுதினார். அவ்வளவு ரொக்கம் வைத்திருக்கும் நிறுவனம் ஏன் அதைப் பங்குதாரர்களுக்குப் பகிரவில்லை என்று விடாமல் கேட்டிருந்தால், விடை வெகு முன்பே வந்திருக்கும். அந்த நிறுவனம் 2008-இல் நிறுவன ஆளுகைக்காகப் பன்னாட்டு விருது பெற்றிருந்தது என்பதையும், அதன் இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர் இருந்தார் என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும்.

குறுகிய காலக் கடனுக்கு வட்டி குறைவு. அதையே புதுப்பித்துப் புதுப்பித்துத் தொழிற்சாலை கட்டினால் என்ன?

புதுப்பிக்க முடியாத ஒரு நாள் வரும். உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி தந்துவந்த ஐஎல்&எஃப்எஸ் குழுமத்தின் கடன் 90,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது; பணம் கிடந்ததோ சாலை, மின்சாரம் போன்ற பல பத்தாண்டுத் திட்டங்களில். கமர்ஷியல் பேப்பர் போன்ற ஓராண்டுக்குள் முதிரும் கருவிகளும் அந்தக் கடனில் இருந்தன. 2018 ஆகஸ்ட் வரை உயரிய தரமதிப்பீடு பெற்றிருந்த குழுமம், செப்டம்பரில் தவணை தவறியது. அக்டோபர் 1-ஆம் தேதி மத்திய அரசு இயக்குநர் குழுவையே மாற்றியது. 2015-க்கும் 2018-க்கும் இடையில் அதன் இடர் மேலாண்மைக் குழு ஒரே ஒரு முறைதான் கூடியது என்பது பின்னர் வெளிவந்தது.

சிறிய அளவில் இதே தவறு எங்கும் நடக்கிறது. கேஷ் கிரெடிட்டிலிருந்து இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பார்கள். தவணைக் கடன் வந்ததும் சரிசெய்துவிடலாம் என்பார்கள். தவணைக் கடன் தாமதமாகும். சம்பளத் தேதி வந்துவிடும். குறுகிய கால நிதி நீண்ட காலச் செலவுக்குப் போயிருக்கிறதா என்று தணிக்கையாளர் சொல்ல வேண்டும் என்பது காரோவின் இன்னொரு விதி. அதற்கு ‘ஆம்’ என்று பதில் வரும் அறிக்கையைக் கடன் கொடுப்பவர் இரண்டாம் முறை படிப்பார்.

சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் தாமதப்படுத்தினால் வட்டி இல்லாமல் நிதி கிடைக்கிறதே?

ரொக்கத்துக்கு விற்று, கடனில் வாங்கும் நுகர்பொருள் நிறுவனங்கள் பல, நியாயமாகவே எதிர்மறை நடைமுறை மூலதனத்தில் இயங்குகின்றன. அது சந்தை வலிமையும் வேகமான விற்பனையும் தரும் பலன். அந்த வலிமை இல்லாதவர் சிறு நிறுவனங்களைக் காக்க வைத்து அதே பலனைப் பெற முயன்றால், இந்தியச் சட்டத்தில் விலை உண்டு. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில் மட்டுமே செலவாகக் கழிக்க முடியும் என்றானது. இதனால் 45 நாள் என்பது கணக்குப் பிரிவைத் தாண்டி இயக்குநர் குழுவின் மேசைக்கே வந்துவிட்டது.

சட்டபூர்வமான நடுவழி டிரெட்ஸ் என்ற மின்னணு மேடைகள். சிறு நிறுவனத்தின் பில்லை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதும், வங்கிகள் போட்டியிட்டு, வட்டியைக் கழித்துக்கொண்டு அதற்கு முன்கூட்டியே பணம் கொடுக்கின்றன. கெடு நாளில் வாங்குபவர் வங்கிக்குக் கட்டுகிறார். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்கள் இவற்றில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

இம்மாதிரி ஏற்பாட்டை மறைப்புக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் கரிலியன் கட்டுமான நிறுவனம் சாட்சி. துணை ஒப்பந்ததாரர்களுக்கு 120 நாள் கெடு வைத்து, அதற்குள் வங்கி முன்கூட்டியே பணம் தரும் திட்டத்தை அது நடத்தியது. வங்கிக்குத் தர வேண்டியது கடன் என்ற தலைப்பில் வராமல், செலுத்த வேண்டிய பிற தொகைகளில் கிடந்தது. 2018 ஜனவரி 15 அன்று நிறுவனம் கலைப்புக்குப் போனபோது கையில் இருந்தது 2.9 கோடி பவுண்டு. பொறுப்புகள் 700 கோடி பவுண்டை நெருங்கியிருந்தன. 2024 முதல் பன்னாட்டுக் கணக்கியல் தரங்கள் இத்தகைய ஏற்பாடுகளைத் தனியே வெளியிடச் சொல்கின்றன.

ஆளுகை நன்றாக இருந்தால் வட்டி குறையுமா?

உடனே குறையும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. முதலில் மாறுவது வட்டி விகிதமல்ல. கிடைக்கும் கடனின் வகை. எண்களை நம்பும் வங்கி, சொந்த வீட்டுப் பத்திரத்தைக் கூடுதல் பிணையாகக் கேட்பதைத் தளர்த்தலாம். பிணையில்லாத கமர்ஷியல் பேப்பரோ கடன் பத்திரமோ வெளியிடும் வழி திறக்கலாம். வட்டிக் குறைப்பு அதற்குப் பின்னால் வருவது. செயற்குழுக்களின் எண்ணிக்கையைப் பெருக்கி மட்டும் இதைப் பெற முடியாது.

சொந்தப் பணம், பிறகு கடன், கடைசியில் பங்கு என்ற வரிசை சரிதானா?

வெளியாருக்கு நிறுவனத்தின் உண்மை நிலை தெரியாததால், புதிய பங்கை அவர்கள் குறைத்தே மதிப்பார்கள்; ஆகவே நிறுவனங்கள் பங்கு வெளியீட்டைக் கடைசிக்குத் தள்ளும் என்று நிதியியல் அறிஞர்கள் மையர்ஸும் மஜ்லுஃபும் 1984-இல் விளக்கினார்கள். குடும்ப நிறுவனங்களில் இதோடு கட்டுப்பாட்டை இழக்கும் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. பங்கைக் கொடுக்க மனமில்லாமல் கடன் மேல் கடன் வாங்கி, அதற்குத் தம் பங்குகளையே அடகு வைத்து, விலை சரிந்தபோது கட்டுப்பாட்டையும் சேர்த்தே இழந்தவர்கள் இந்தியச் சந்தையில் உண்டு.

முன்பு பார்த்த பின்னலாடை நிறுவனம் சுழற்சியைக் குறைத்து விடுவித்த 2 கோடியும் ஒரு வகையில் சொந்தப் பணம்தான், அதுவும் மலிவானது. ஆனால் அந்த இரண்டு கோடி கேஷ் கிரெடிட்டைக் குறைக்கப் போகிறதா, உரிமையாளர் பெயரில் நிலம் வாங்கப் போகிறதா? இதைக் கேட்க ஆளில்லாத நிறுவனத்தில் நடைமுறை மூலதனத்தை எவ்வளவு சீர்செய்தாலும் கடன் குறையாது.

இவையெல்லாம் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களுக்குத்தானே? எங்களுடையது குடும்பத் தனியார் கம்பெனி.

சட்ட விதிகள் பல உங்களுக்குத் தளர்த்தப்பட்டுள்ளன. செலுத்தப்பட்ட மூலதனம், கட்டுப்பாடற்ற காப்பு நிதி, பங்கு முனைமம் (முகமதிப்புக்கு மேல் வாங்கிய தொகை) ஆகியவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டிக் கடன் வாங்கப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்ற 180-ஆம் பிரிவிலிருந்து 2015-இல் தனியார் கம்பெனிகளுக்கு விலக்குக் கிடைத்தது. இயக்குநர்கள் தாமாகப் பணம் போடலாம்; கடன் வாங்கிக் கொடுத்த பணம் அல்ல என்று எழுதிக் கொடுத்தால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படாது. வங்கியின் கடன் தீரும்வரை எடுக்கமாட்டோம் என்று உறுதி தந்தால், வங்கியும் அதைச் சொந்த மூலதனத்துக்கு இணையாகப் பார்க்கும். நிறுவனப் பணத்தையும் வீட்டுச் செலவையும் ஒரே கணக்கில் ஓட்டும் இடத்தில் இந்த உறுதிமொழிக்கு மதிப்பிருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாதாந்திரக் கூட்டத்தில் குறைந்தபட்சம் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரே பக்கத்தில் அடங்கும் அறிக்கை போதும். 90 நாளைத் தாண்டிய பாக்கிகள், பெயரோடும் யார் பொறுப்பு என்பதோடும். குழுமப் பாக்கி தனியாக. 45 நாளை நெருங்கும் சிறு நிறுவனங்களின் பில்கள். ஆறு மாதமாக அசையாத சரக்கு. வங்கிக்கு அனுப்பிய ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் புத்தக இருப்பும் அருகருகே. வேறுபாடு இருந்தால் காரணத்தோடு. அடுத்த பதின்மூன்று வாரங்களுக்கான பண வரவு, செலவு மதிப்பீடு; அதில் எந்த வாரத்தில் லிமிட் போதாது என்பது. இந்தப் பக்கத்தை விற்பனைத் தலைவரும் படிக்க வேண்டும். ஏனென்றால், கூடுதலாக 30 நாள் கடன் தந்து ஆர்டர் பிடிப்பவர் அவர்தான். அவருடைய ஊக்கத்தொகை பில் போட்ட தேதியில் கணக்கிடப்படுகிறதா, பணம் வந்த தேதியிலா என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிடலாம்.